"தனியார் சேவையகம்" என்று அச்சிடலாமா? ஹொஸ்டிங் வகைகளுக்குத் தமிழ்ச்சொல்

கிளிநொச்சி, தகவல் தொழினுட்ப ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். உயர்தர மாணவருக்கும் பாடசாலை இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்குமான கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். நாலாம் அலகுதான் இழுபடுகிறது. ஹொஸ்டிங், அதாவது இணையத்தளத்தை எந்தவகைச் சேர்வரில் (கேட்பவருக்குப் பக்கங்களை அனுப்பும் கணினியில்) வைப்பது என்ற ஒப்பீடு அது. வரைவில் இப்போது இருக்கும் சொற்கள்: பகிரப்பட்ட விருந்தோம்பல் (ஷெயார்ட்), மெய்நிகர் தனியார் சேவையகம் (வீபிஎஸ்), அர்ப்பணிக்கப்பட்ட சேவையகம் (டெடிகேட்டட்), மேக விருந்தோம்பல் (கிளவுட்), இணை அமைவிடம் (கோலொகேஷன்).

"தனியார் சேவையகம்" என்றதும் பிள்ளைகள் தனியார் பஸ், தனியார் வைத்தியசாலை என்ற வரிசையில்தான் அதை வைக்கிறார்கள். அப்படியென்றால் மற்றவை அரசாங்கத்தின் சேர்வரா என்று கேட்கிறார்கள். "அர்ப்பணிக்கப்பட்ட" என்பதற்கு விளக்கம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வியாழன் இரவுக்குள் ஐந்து நல்ல சொல் தாருங்கள்.

வவுனியா, சேர்வர் நிர்வாகி:

ரீச்சர், முதலில் பொருளைப் பிரித்து வைப்போம். எது பொது, எது தனி என்பதில்தான் இந்த வகைகள் வேறுபடுகின்றன. சொல்லும் அதைக் காட்டவேண்டும்.

ஷெயார்ட் என்பது ஒரே லினக்ஸ் இயங்குதளம், பக்கங்களை அனுப்பும் ஒரே அபாச்சி மென்பொருள், பெரும்பாலும் ஒரே ஐபி முகவரி (இணையத்தில் கணினியைக் காட்டும் எண்). அதற்குள் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். உலாவி அனுப்பும் வேண்டுகோளில் தளத்தின் பெயரும் சேர்ந்து வருவதால்தான் எந்தக் கோப்புறையைத் திறப்பது என்று அபாச்சிக்குத் தெரிகிறது. இங்கே எதுவும் உண்மையில் பிரிக்கப்படவில்லை, கட்டுப்பாடு மட்டும் போட்டிருக்கிறார்கள். கிளவுட்லினக்ஸ் (கணக்குக்குக் கணக்கு வரம்பு போடும் லினக்ஸ் வகை) போட்ட சேர்வரென்றால் வழமையான வரம்பு ஒரு கணக்குக்கு ஒரு சிபியு கோரின் வேகம், 1 ஜிபி நினைவகம், ஒரே நேரத்தில் 20 பிஎச்பி நுழைவு. பிஎச்பி என்பது கேட்கும்போதே பக்கத்தை உருவாக்கித் தரும் நிரல்மொழி. 21ஆவது ஆள் வந்தால் அவருக்கு 508 என்ற பிழைப்பக்கம் போகும். படங்களும் வெறும் எச்டிஎம்எல் கோப்புகளும் இந்த எண்ணிக்கையில் வராது. ஆகவே பெறுபேறு வெளிவரும் நாளில் தளம் விழாமலிருக்க, பெறுபேற்றைப் பிஎச்பியில் ஓடும் வேர்ட்பிரஸ் பக்கமாகப் போடாமல் தனி எச்டிஎம்எல் கோப்பாகப் போட்டாலே போதும். இதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள். பல பாடசாலைகளுக்கு இதைவிடப் பெரிய சேர்வர் தேவையே இல்லை.

வீபிஎஸ்ஸில் ஒரே சேர்வர்ப் பெட்டி பல பகுதிகளாக உண்மையாகவே பிரிக்கப்படுகிறது. கேவிஎம் முறையில் ஒவ்வொரு பகுதிக்கும் சொந்தக் கேர்னல் (இயங்குதளத்தின் கரு) உண்டு. ஓப்பன்வீசட் போன்ற கொள்கல முறையில் கேர்னல் பொது, மிச்சமெல்லாம் தனி. இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். வாங்கமுன் எது என்று கேட்கவேண்டும்.

1 ஜிபி வீபிஎஸ்ஸில் வழக்கமாக நடக்கும் பிழையையும் சேருங்கள். இயங்குதளத்துக்கு ஏறக்குறைய 200 எம்பி, தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லுக்கு 350 எம்பி போனால் மிச்சம் 450 அளவில். ஒரு பிஎச்பி செயல்முறை 60 எம்பி எடுத்தால் ஏழுதான் கொள்ளும். யாரோ எழுதிய வழிகாட்டியைப் பார்த்து ஒரே நேரத்தில் ஓடும் பிஎச்பி செயல்முறைகளின் உச்ச எண்ணிக்கையை 20 என்று மாற்றிவிட்டால், கூட்டம் வரும்போது நினைவகம் தீர்ந்துபோகும். கேர்னல் ஆகப்பெரிய செயல்முறையைத் தேடிக் கொல்லும். அது அனேகமாக மைஎஸ்கியூஎல்லாகத்தான் இருக்கும். பார்ப்பவருக்குத் தெரிவது "தரவுத்தளத்துடன் இணைக்க முடியவில்லை" என்ற ஒரு வரி மட்டும். 2 ஜிபி இடமாற்றுக் கோப்பு (நினைவகம் போதாதபோது வட்டில் எடுக்கும் இடம்) ஒன்று போட்டு, எண்ணிக்கையை 6க்கோ 7க்கோ இறக்கினால் தீரும்.

டெடிகேட்டட் என்றால் பெட்டி முழுக்க ஒருவருக்கு. இதில் "அர்ப்பணிப்பு" எங்கே இருக்கிறது?

என் முன்மொழிவு: கூட்டுச் சேவையகம், பிரிசேவையகம், முழுச் சேவையகம்.

முல்லைத்தீவு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி பொருளைத் தெளிவாக வைத்தது நல்லது. ஆனால் "விருந்தோம்பல்" என்ற சொல்லை எல்லோரும் கைவிட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. குறளின் ஒன்பதாம் அதிகாரத்தின் பெயர் அது. "செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்" என்பதைச் சேர்வரின் வேலைக்குப் பொருத்திப் பாருங்கள். ஒரு வேண்டுகோளுக்கு விடை கொடுத்து அனுப்பிவிட்டு அடுத்ததற்குக் காத்திருக்கிறது. விருந்து என்ற சொல்லின் வேர்ப்பொருள் புதுமை. தொல்காப்பியச் செய்யுளியலிலும் "விருந்தே தானும் புதுவது கிளந்த யாப்பின் மேற்றே" என்றுதான் வருகிறது. முன் அறியாத முகவரியிலிருந்து வரும் ஒவ்வொருவரும் புதியவர், ஆகவே விருந்து. இவ்வளவு பொருந்தும் சொல்லை ஏன் விடவேண்டும்?

அடுத்தது "சேவையகம்". சேவை வடசொல். "வழங்கி" இருக்க அது எதற்கு? கணினி, உலாவி, செயலி என்று இகரவிகுதி பெற்ற வரிசையில் வழங்கியும் அழகாக நிற்கும்.

மன்னார், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, குறளைச் சரியாகத்தான் பொருத்தினீர்கள், ஆனால் அந்தப் பொருத்தமே உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கிறது. அங்கே விருந்து தளத்தைப் பார்க்க வருபவர். ஹொஸ்டிங் என்று நாம் சொல்வது தளத்தை வைத்திருப்பதை. தளம் ஒரு நாளைக்கு வந்துபோகும் விருந்தல்ல, ஆண்டுக்கட்டணம் கட்டிக் குடியிருப்பது. விருந்தினரிடம் வாடகை வாங்குவதும் நம் வழக்கமல்ல. புதுக்குடியிருப்பு என்று ஊருக்கே பெயர் வைத்த மண்ணில் "தளக்குடியிருப்பு" என்று சொன்னால் விளங்காதா?

> வழங்கியும் அழகாக நிற்கும்

தனிச்சொல்லாக நிற்கும். வாக்கியத்துக்குள் வினையெச்சமாகிவிடும். "கூட்டு வழங்கி பக்கத்தை அனுப்புகிறது" என்ற வரியை முதல்தரம் வாசிக்கும் பிள்ளை, எதையோ வழங்கிவிட்டு அனுப்புகிறது என்றே எடுக்கும். செயலி, உலாவி ஆகியவற்றுக்கு இந்த இடர் இல்லை. செயலுக்கு எச்சம் "செய்து", உலாவுக்கு எச்சமாக "உலாவி" வந்தாலும் பேச்சில் அரிது. வழங்கி அன்றாடம் எழுதும் எச்சம். சேவையைப் பொறுத்தவரை, "வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடவெழுத்தை விட்டு வந்தால் அது செய்யுளுக்கே ஆகும் என்று தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். சேவையில் வடவெழுத்து எங்கே இருக்கிறது?

இன்னொன்று. "பகிர்" என்பதை ஷெயார்ட்டுக்கு வைப்பது தலைகீழ். பகு என்ற அடியிலிருந்து பகுதி, பங்கு, பகிர், பகை எல்லாம் கிளைக்கின்றன. எல்லாவற்றிலும் பிரிவு உண்டு. வவுனியாத் தம்பி சொன்னபடி, பிரிவு நடப்பது வீபிஎஸ்ஸில். ஆகவே சொற்பொருள்படி வீபிஎஸ்தான் பகிர்சேவையகம்.

புதுக்குடியிருப்பு, இணையத்தள வடிவமைப்பாளர்:

சொற்பொருள்படி சரியாக இருக்கலாம். ஆனால் முகநூலில் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் "பகிர்" பொத்தானை அழுத்தும் பிள்ளைக்குப் பகிர்தல் என்றால் சேர்ந்து பயன்படுத்துவதுதான். அந்தப் பிள்ளையிடம் வீபிஎஸ்ஸைப் பகிர்சேவையகம் என்று சொன்னால், மலிவான ஷெயார்ட்டை வாங்கிவிட்டு ரூட் அனுமதி (சேர்வர் முழுவதையும் ஆளும் உரிமை) எங்கே என்று தேடும். தவறான சொல்லால் காசுதான் வீணாகும்.

வகுப்பில் விளக்க இங்கே வாய்க்காலே போதும். ஷெயார்ட் என்பது கதவில்லாத ஒரே வாய்க்கால், மேல்வயல்காரர் கூட இழுத்தால் கடைமடை காயும். வீபிஎஸ்ஸில் வயலுக்கு வயல் மதகு உண்டு, ஆனால் குளம் ஒன்றுதான். அதனால் வீபிஎஸ்ஸிலும் அயலவர் தொல்லை முழுதாக நீங்காது. லினக்ஸின் டாப் கட்டளை காட்டும் சிபியு வரியில் "எஸ்டி" என்ற எண்ணைப் பாருங்கள். அது நீண்டநேரம் பத்து வீதத்துக்கு மேல் நின்றால், உங்கள் முறை வரவேண்டிய சிபியு நேரத்தை அதே பெட்டியில் இருக்கும் மற்றவர்கள் எடுக்கிறார்கள். வேர்ட்பிரஸ்ஸை எவ்வளவு திருத்தினாலும் பலனில்லை, வேறு பெட்டிக்கு மாற்றித் தரச்சொல்லிக் கேட்கவேண்டும்.

என் கருத்து: ஹொஸ்டிங் என்றே எழுதுங்கள். பற்றுச்சீட்டிலும் கட்டுப்பாட்டுப் பலகையிலும் பிள்ளை காணப்போவது அந்தச் சொல்தான்.

முல்லைத்தீவு:

பற்றுச்சீட்டில் உள்ளதையே எழுதுவதென்றால் கையேட்டைத் தமிழில் எழுதுவதே எதற்கு? பிள்ளை பரீட்சையில் தமிழில் விடையெழுத வேண்டும். ஓசையை மட்டும் மனனம் செய்த பிள்ளை "ஏன்" என்ற வினாவுக்கு எழுதமாட்டாது. சொல் விளங்கினால் பாதி விடை சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

விருந்தோம்பலை விடுகிறேன், மன்னாரின் நியாயம் வலியது. ஆனால் "தாங்கல்" என்பதைப் பாருங்கள். தாங்குதல் பொறுத்தல், ஏந்துதல். நீரைத் தாங்கி நிற்பதால் ஏரிக்கும் அது பெயர், வேடந்தாங்கல் போல. தங்கு என்பதற்கும் தாங்கு என்பதற்கும் உறவு உண்டென்பது என் துணிபு: தங்குவது தளம், தாங்குவது சேர்வர். கூட்டுத்தாங்கல், தனித்தாங்கல், முகிற்றாங்கல்.

மன்னார்:

முகிற்றாங்கல்! லகரம் தகரத்தோடு புணர்ந்தால் றகரமாகும் என்ற விதி சரி. தொழினுட்பம் என்று நாங்கள் எழுதிப் பழகியதும் அதற்கு இனமான விதியால்தான், அங்கே லகரம் நகரத்தோடு புணர்ந்து னகரமாகிறது. ஆனால் அதைப் பிரித்து "முகில்" என்று காண எத்தனை மாணவரால் முடியும்? முகிலை வைத்துக்கொள்வோம், மேகத்தைவிட அது தமிழ். வருமொழி ககரமோ சகரமோ ஆகட்டும்: முகிற் கணிமை, முகிற் சேவையகம். இவற்றில் முகில் கண்ணுக்குத் தெரிகிறது. தங்கு, தாங்கு உறவு எனக்கு ஐயமாக இருக்கிறது, பிறகு தனியாக எழுதுகிறேன்.

வவுனியா:

முகில் என்ற பெயர் ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை வேண்டும். சாதாரண வீபிஎஸ்ஸையே "கிளவுட்" என்று விற்கிறார்கள். அமெரிக்காவின் தேசியத் தர, தொழினுட்ப நிறுவகம் 2011இல் வெளியிட்ட வரையறையில் ஐந்து இயல்புகள் உண்டு: ஆள் துணையின்றித் தானே எடுக்கலாம், வலையமைப்பு வழியே எங்கிருந்தும் அணுகலாம், வளங்கள் ஒரே தொகுதியில் திரண்டிருக்கும், தேவைக்கேற்ப உடனே கூடிக் குறையும், பயன்பாடு அளக்கப்படும். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் அது மாதவாடகை வீபிஎஸ்தான்.

அளக்கப்படும் என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். பல முகிற் சேவைகளில், இயந்திரத்தை நிறுத்தி வைத்தாலும் அதன் வட்டுக்கும் ஒதுக்கிய ஐபி முகவரிக்கும் கட்டணம் ஓடும். வெளியே போகும் தரவுக்குத் தனிக்கணக்கு. ஒரு 40 எம்பி பரிசளிப்பு விழாக் காணொளியை 5,000 பேர் பார்த்தால் 200 ஜிபி வெளியே போகிறது. அதை வேறு காணொளித் தளத்தில் ஏற்றி இணைப்பு மட்டும் கொடுங்கள். செலவு எச்சரிக்கையை முதல்நாளே போட்டுவிடவேண்டும்.

இடமும் முக்கியம். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர். ஒளியிழையில் செக்கனுக்கு 2,00,000 கிலோமீற்றர் என்று எடுத்தால் போய்வரக் குறைந்தது 27 மில்லிசெக்கன். கேபிள் வளைந்து போவதால் உண்மையில் இதைவிடக் கூட. அமெரிக்கா என்றால் பலமடங்கு. பாதுகாப்பான இணைப்பு எழமுன்னரே இரண்டு மூன்று தரம் போய்வரவேண்டியிருப்பதால் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

முழுச் சேவையகம் எடுப்பவர்களுக்கு ஒரு வரி: இரண்டு வட்டில் ஒரேபடியாக எழுதும் ரெய்ட் 1 காப்புப்பிரதி ஆகாது. தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும்.

புதுக்குடியிருப்பு:

கோலொகேஷனுக்கு "இணை அமைவிடம்" என்றால் யாருக்கும் விளங்காது. பெட்டி எங்களுடையது, அவர்கள் தருவது தட்டில் 44.45 மில்லிமீற்றர் உயரமுள்ள ஓர் அலகு இடம், மின்சாரம், குளிர், இணைப்பு. "இடவாடகை" என்று எழுதுங்கள். வட்டு பழுதானால் புதியதை நாங்கள்தான் கொண்டுபோய் மாற்றவேண்டும் என்பதும் அந்தச் சொல்லிலேயே வந்துவிடுகிறது.

கிளிநொச்சி:

எல்லோருக்கும் நன்றி. இனிக் காத்திருக்க முடியாது. நான்கு பேர் ஒத்துக்கொண்டதை எடுக்கிறேன்: கூட்டுச் சேவையகம், மெய்நிகர் தனிச் சேவையகம், முழுச் சேவையகம், முகிற் சேவையகம், இடவாடகை. பிரிசேவையகம் அழகான வினைத்தொகை, ஆனால் "மெய்நிகர்" வேறு பாடங்களிலும் வருவதால் அதையே வைத்துவிட்டேன். "தனியார்" முழுவதும் நீக்கம். ஹொஸ்டிங்குக்குத் "தளக்குடியிருப்பு" என்று அலகின் தலைப்பில் ஒருதரம், அதன்பின் ஹொஸ்டிங் என்றே வரும். 508 பிழையும் பிஎச்பி கணக்கும் தனிப்பெட்டியில் போகின்றன.

மன்னார்:

சம்மதம். சேவையகம் என்பதோடு சேரும் இடங்களில் ஒற்றுப் பார்த்துவிடுங்கள், வரைவின் அட்டவணையில் "கூட்டு சேவையகம்" என்று இருக்கிறது.

முல்லைத்தீவு:

எனக்குச் சம்மதமில்லை என்பதைப் பதிந்து வைக்கவும். தலைப்பில் ஒரு சொல், உள்ளே இன்னொரு சொல் என்று வைத்தால் தலைப்புச்சொல் ஒருநாளும் வேர்பிடிக்காது. அடுத்த பதிப்புக்கு முன் தாங்கலை மறுபடி எடுப்பேன். தங்கு, தாங்கு பற்றி மன்னார் எழுதுவதாகச் சொன்னதை எதிர்பார்த்திருக்கிறேன்.