செட்சி ஈல ஆண் எது, அது எந்த இனம்னு எப்படி உறுதி பண்றது? கென்யா டிராப் சாம்பிள், உதவி தேவை

மாட்டுவைத்தியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் கால்நடை டாக்டர், இப்ப கென்யாவுல கஜியாடோ பக்கம் இருக்கேன், இங்க மாசாய் மக்களோட மாடுகள்ல நகானா நோய் (டிரிபனோசோம்ங்கிற ஒட்டுண்ணியால வர்றது) எந்த ஈ மூலமா பரவுதுன்னு பாக்குற வேலை. நுகுருமான் மலைச்சரிவு அடிவாரத்துல என்ஜியூ டிராப் வச்சு, அசிட்டோனும் மாட்டு மூத்திரமும் போட்டு ஈ புடிக்கிறோம். புடிச்சதெல்லாம் ஆல்கஹால்ல இருக்கு. ஆண் ஈயோட பின்பக்க உறுப்பை வச்சுத்தான் இனத்தை உறுதியா சொல்ல முடியும்னு படிச்சேன், ஆனா கையில ஈயை வச்சுக்கிட்டு பாத்தா எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே புரியல. சிலதுல வயித்துக்கு அடியில ஒரு உருண்டை மாதிரி தெரியுது, சிலதுல இல்ல. உருண்டை இல்லாததெல்லாம் வேற இனமா? கேஓஎச்ல (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரக் கரைசல்) கொஞ்சத்தை போட்டு வச்சேன், அதுல ரெண்டு மூணு ரொம்ப வெளிறிப்போய் ஓரமே தெரியல. இன்னொரு சந்தேகம், காலோட நுனி கருப்பா இருக்கணும்னு கீ (இனத்தை அடையாளம் காண வச்சிருக்குற அட்டவணை) சொல்லுது, இங்க எல்லாமே ஒரே பழுப்பா தெரியுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், ரிப்போர்ட்ல இனத்து பேர் தப்பா போயிட்டா அடுத்து போடுற டிராப்பு, மருந்து எல்லாமே தப்பா போயிரும்.

ஈமுனைவர்:
வணக்கம் சார், நல்ல கேள்வி, நான் கிளாசினால (செட்சியோட அறிவியல் பேர்) வேலை பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். முதல்ல பின்பக்கத்தை விட்டுட்டு தலைக்கும் இறக்கைக்கும் வாங்க, டிராப்புல வர்றதெல்லாம் செட்சி கிடையாது. ஸ்டோமாக்சிஸ்னு மாட்டு கொட்டகை ஈ ஒண்ணு அதே டிராப்புல நிறைய விழும், அதுக்கும் ஊசி முன்னாடி நீட்டிக்கிட்டுத்தான் இருக்கும். செட்சினா இறக்கை நடுவுல கோடாலி வடிவத்துல ஒரு செல் (நரம்புகளுக்கு நடுவுல உள்ள கட்டம்) இருக்கும், இது எந்த வேற ஈக்கும் இல்ல, இறக்கை ஒண்ணே ஒண்ணு உடைஞ்சு கிடைச்சாலும் போதும், சொல்லிரலாம். ஊசியோட அடிப்பக்கம் வெங்காயம் மாதிரி உப்பலா இருக்கும். ஆன்டெனால (உணர்கொம்புல) நீட்டிக்கிட்டு இருக்குற அரிஸ்டான்ற இழையோட மேல்பக்க முடி ஒவ்வொண்ணும் தானும் கிளை விட்டிருக்கும், இதை 40 மடங்குல பாத்தா தெளிவா தெரியும். உயிரோட உக்காந்திருக்கும்போது இறக்கை ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா முழுசா ஏறி முதுகோட ஒட்டி மடங்கியிருக்கும், ஸ்டோமாக்சிஸ்க்கு ரெண்டு பக்கமும் விரிஞ்சு நிக்கும்.

இப்ப உங்க உருண்டை விஷயம். உருண்டை இல்லாதது வேற இனம் இல்ல சார், பொட்டை. ஈயை மல்லாக்க போட்டு வயித்தோட கடைசியை பாருங்க, ஆணா இருந்தா அங்க மேடா ஒரு குமிழ் மடிஞ்சு உள்ளுக்கு திரும்பியிருக்கும், அதைத்தான் ஹைப்போபிஜியம்னு சொல்றாங்க. அதுக்கு சரியா முன்னாடி, அஞ்சாவது அடித்தகடுல, கட்டை கட்டையா கருப்பு முடி அடர்த்தியா இருக்கும், அது ஹெக்டர். குமிழ் சரியா தெரியலைன்னாலும் இந்த முடிக்கொத்து இருந்தா ஆண்னு சந்தேகமே இல்லாம எழுதிக்கலாம். பொட்டைக்கு ரெண்டுமே கிடையாது, அதுக்கு பின்பக்கத்துல சின்ன சின்ன தகடுகள்தான், அந்த தகடு எத்தனைன்றதும் குரூப்புக்கு குரூப் மாறும், அது தனி கதை.

மாட்டுவைத்தியன்:
ரொம்ப நன்றி மேடம், ஹெக்டர்னு ஒண்ணு இருக்குன்னே நான் பாக்கல, இப்ப மறுபடி எடுத்து பாத்தா பளிச்சுனு தெரியுது. அப்போ இனத்தை எதை வச்சு சொல்றது? ஹைப்போபிஜியத்தை திறக்கணுமா?

ஈமுனைவர்:
ஆமா, திறக்கணும். ஈயை இடது கைல ஃபோர்செப்ஸ்ல மார்பை புடிச்சுக்கோங்க, வலது கைல மெல்லிய பூச்சி ஊசி, குமிழோட முன் ஓரத்துக்கு கீழ ஊசியை நுழைச்சு மெதுவா பின்னாடி தள்ளுங்க. அது மடிப்புல இருந்து விரிஞ்சு வரும், அப்ப உள்ளுக்குள்ள மேல் கிளாஸ்பர் ஜோடி தெரியும். கூடும்போது பொட்டையோட வயித்து நுனியை இடுக்கிப் புடிக்கிற உறுப்பு அது. புதுசா புடிச்ச ஈல இது சுலபமா வரும், காய்ஞ்சு போச்சுன்னா உடையும், ஈரமான பஞ்சு வச்ச மூடின டப்பாக்குள்ள ஒரு ராத்திரி விட்டா இளகிரும். ஆல்கஹால்ல இருக்குறதும் கொஞ்சம் விறைச்சு நிக்கும், தண்ணில ஊறவிட்டு திறங்க.

இந்த மேல் கிளாஸ்பர்தான் செட்சி இனங்களோட மூணு குரூப்பையும் (ஃபஸ்கா, பால்பாலிஸ், மார்சிட்டன்ஸ்) பிரிக்குது. ஃபஸ்கா குரூப்ல ரெண்டும் தனித்தனியா நிக்கும், நுனி கூர்மையா இருக்கும், நடுவுல சவ்வே இருக்காது. பால்பாலிஸ் குரூப்ல ரெண்டையும் சேத்து மெல்லிய சவ்வு ஒண்ணு இருக்கும், நுனி குமிழா முடியும். மார்சிட்டன்ஸ் குரூப்ல ரெண்டும் நடுவுல முழுசா ஒட்டி, நுனியில அகலமா விரிஞ்சிருக்கும். இதை ஒரு தடவை மூணு குரூப்புக்கும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டா அப்புறம் குழப்பமே வராது.

உங்க நுகுருமான்ல என்ன கிடைக்கும்னு இலக்கியத்துல நல்லாவே தெரியும் சார், ரெண்டு இனம்தான் முக்கியமா, கிளாசினா பாலிடிபெஸ், கிளாசினா லாங்கிபென்னிஸ். முதல்து மார்சிட்டன்ஸ் குரூப், ரெண்டாவது ஃபஸ்கா குரூப். அதாவது உங்க டிராப்புலயே ஒட்டின கிளாஸ்பரும் தனி கிளாஸ்பரும் ரெண்டும் கலந்து இருக்கும், அதனாலதான் உங்களுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு ஒத்துப்போகல.

நைரோபிவாசி:
நான் இங்க ரொம்ப காலமா இருக்கேன், மேடம் சொன்னது சரி, ஆனா ஃபீல்டுல நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணையும் திறக்க முடியாது, அதனால லாங்கிபென்னிஸை வேற வழியில பிரிச்சிருவோம். அது ஆளே பெருசு, பாலிடிபெஸை பக்கத்துல வச்சா தெரியும். மார்போட மேல்பக்கத்துல நாலு கரும்பழுப்பு புள்ளி நாலு மூலையில இருக்கும், ஊசியோட உப்பலுக்கு நுனியில பழுப்பு நிறம் அடிச்சிருக்கும். நாலு புள்ளியை கண்டா லாங்கிபென்னிஸ், எந்த டார்ச் வெளிச்சத்துலயும் சொல்லலாம். நடமாடுற நேரமும் வேற, அது அந்தி நேரத்துலயும் விடியக்காலைலயும்தான் பறக்கும், பாலிடிபெஸ் பகல்ல, சாயங்காலம் நெருங்க நெருங்க கூட்டம் ஜாஸ்தி. அதனால டிராப்பை எந்த நேரத்துல காலி பண்றீங்களோ அதுக்கேத்த மாதிரி இன விகிதம் மாறி தெரியும், இதை ரிப்போர்ட்ல நேரத்தோட சேத்து எழுதுங்க டாக்டர்.

ஈமுனைவர்:
கால் நிறம் பத்தி கேட்டிருந்தீங்க. மார்சிட்டன்ஸ் குரூப்புல பின்னங்கால் டார்சஸ்ல (பாதத்துல) கடைசி ரெண்டு கணுதான் கருப்பு, பால்பாலிஸ் குரூப்புல மேல்பக்கம் பாத்தா அஞ்சு கணுவுமே கருப்பா இருக்கும். அப்புறம் மார்சிட்டன்ஸ் குரூப்புக்குள்ளயே முன்னங்காலும் நடுக்காலும் பாருங்க, கடைசி ரெண்டு கணுவோட நுனி வெட்டினாப்புல கருப்பா இருந்தா மார்சிட்டன்ஸ் பக்கம், கருப்பே இல்லாம வெளிறி இருந்தா பாலிடிபெஸ் பக்கம். ஆனா உங்க பிரச்சனை என்னன்னா ஆல்கஹால்ல ரொம்ப நாள் கிடந்தா இந்த நிறம் போயிரும், வயித்து மேல இருக்குற பட்டையும் மங்கிரும். நிறத்தை நம்பணும்னா காய வச்சு ஊசில குத்தின ஈதான் வேணும். ஆல்கஹால் சாம்பிள்ல நிறத்தை விட்டுருங்க, கிளாஸ்பரை நம்புங்க, அதோட வடிவம் ஆல்கஹால்ல மாறாது.

கேஓஎச் வெளிறினதுக்கு காரணம் நேரம் ஜாஸ்தி. பத்து சதவீதம் கரைசல், வயித்து நுனியை மட்டும் வெட்டி போடுங்க, முழு ஈயை போடாதீங்க. குளிர்ந்த கரைசல்னா ஒரு ராத்திரி, அவசரம்னா வெந்நீர்ல குழாயை நிறுத்தி சில நிமிஷம்தான், நடுவுல எடுத்து எடுத்து பாத்துக்கிட்டே இருங்க, உள்ள இருக்குற சதை கரைஞ்சு வெளிய வந்ததும் நிறுத்திரணும். தண்ணில கழுவி, ஒரு சொட்டு அசிட்டிக் ஆசிட்ல காரத்தை நிறுத்தி, குழி ஸ்லைடுல கிளிசரின் போட்டு பாருங்க. ஏற்கனவே வெளிறிப்போன ரெண்டு மூணை தூக்கி எறியாதீங்க, அசிட் ஃபுக்சின் லேசா ஏத்துனா ஓரம் திரும்ப தெரியும், மைக்ரோஸ்கோப்புல வெளிச்சத்தை கொறச்சு பக்கவாட்டுல விட்டாலும் கொஞ்சம் உதவும்.

புதுவரவு:
நடுவுல வந்து கேக்குறதுக்கு மன்னிக்கணும், எனக்கு ஒரு அடிப்படை சந்தேகம். கொசுல பொட்டை மட்டும்தானே கடிக்கும், இதுல ஆண் ஈயை ஏன் இவ்வளவு மெனக்கெட்டு பாக்கணும், நோயை பரப்புறது பொட்டை தானே?

ஈமுனைவர்:
இதுலதான் செட்சி வேற மாதிரி. ஆணும் பொட்டையும் ரெண்டுமே ரத்தம் மட்டும்தான் குடிக்கும், ரெண்டுமே டிரிபனோசோமை சுமந்துக்கிட்டு போகும். அதே டிராப்புல விழுற குதிரை ஈ இருக்கே, டபானஸ், அதுலதான் கொசு மாதிரி ஆண் ரத்தம் குடிக்காது. அதுல ஆணை கண்டுபுடிக்க பின்பக்கம் போகவே வேண்டாம், கண்ணு ரெண்டும் தலை உச்சில ஒட்டியிருந்தா ஆண், நடுவுல இடைவெளி இருந்தா பொட்டை. செட்சில இந்த குறுக்கு வழி எடுபடாது, ரெண்டுக்கும் கண்ணு தள்ளித்தான் இருக்கும்.

அப்புறம் ஆண் ஏன்னு கேட்டீங்க. இனத்துக்கு இனம் வடிவம் நல்லா மாறுறது ஆணோட கிளாஸ்பர்லதான். லிவர்பூல்ல இருந்த ராபர்ட் நியூஸ்டெட் 1911ல ஆண் உறுப்பை வச்சுத்தான் மொத்த கிளாசினாவையும் திருத்தி அடுக்கினார், அந்த அடுக்கு இன்னைக்கும் அடிப்படையா நிக்குது. வெளில பாத்தா ஒரே மாதிரி இருக்குற துணையினங்களை கூட கீழ் கிளாஸ்பரோட தலை வடிவத்தை வச்சு பிரிக்கிறாங்க, மேற்கு ஆப்பிரிக்கால பால்பாலிஸ் பால்பாலிஸ், பால்பாலிஸ் கேம்பியென்சிஸ் ரெண்டையும் அப்படித்தான். ஃபஸ்கிபெஸ்ஸோட துணையினங்களும் அதே.

நைரோபிவாசி:
ஆண் முக்கியம்ன்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, மலட்டு ஆண் விடுற திட்டம். சான்சிபார்ல உங்குஜா தீவுல கிளாசினா ஆஸ்டெனியை அப்படித்தான் ஒழிச்சாங்க, கதிர்வீச்சு கொடுத்த ஆணை விமானத்துல இருந்து விட்டாங்க, 1996க்கு அப்புறம் அங்க காட்டு ஈ கிடைக்கல. அந்த மாதிரி திட்டத்துல டிராப்புல விழுற ஆண் காட்டு ஆணா, விட்ட ஆணான்னு தெரியணும்ல, அதுக்கு கூட்டுப்புழுவை ஒளிரும் சாயப்பொடி கலந்த மணல்ல வைப்பாங்க, வெளிய வர்றப்போ நெத்தி மடிப்புக்குள்ள சாயம் மாட்டிக்கும், அல்ட்ராவயலட் விளக்குல தலையை பாத்தா மின்னும்.

மாட்டுவைத்தியன்:
எல்லாருக்கும் பெரிய நன்றி. மேடம் சொன்ன மாதிரி நுனியை மட்டும் வெட்டி கேஓஎச்ல போட்டு பாத்தேன், இந்த தடவை ஓரம் சுத்தமா வந்திருக்கு. பெரிய ஈல கிளாஸ்பர் ரெண்டும் தனித்தனியா கூர்மையா நிக்குது, மார்புல நாலு புள்ளியும் இருக்கு. மத்ததுல நடுவுல ஒட்டி நுனி விரிஞ்சிருக்கு. இது போதுமா, பாலிடிபெஸ்னு எழுதிரலாமா? இன்னொண்ணு, என் சாம்பிள்ல ஆண் ரொம்ப கம்மியா இருக்கு, டிராப்புல ஏதாவது கோளாறா?

ஈமுனைவர்:
பெருசை லாங்கிபென்னிஸ்னு தைரியமா எழுதுங்க. ஒட்டினது மார்சிட்டன்ஸ் குரூப்னு உறுதி, அதுல பாலிடிபெஸ்னு சொல்றதுக்கு இடமும் பொருந்துது, இருந்தாலும் அடுத்த தடவை டிராப் காலி பண்றப்போ கொஞ்சம் ஆணை ஆல்கஹால்ல போடாம காய வச்சு முன்னங்கால் நுனியை பாத்துருங்க. அதே குரூப்புல ஸ்வின்னர்டோனின்னு ஒண்ணு செரெங்கெட்டி, மாரா பக்கம் இருக்கு, அதுக்கு முன்னங்கால் நுனி கருப்பா இருக்கும், எல்லை தாண்டி வேலை பாத்தீங்கன்னா அதையும் மனசுல வச்சுக்கணும்.

நைரோபிவாசி:
ஆண் கம்மின்றது கோளாறு இல்ல டாக்டர். வாசனை போட்ட டிராப்புல பொட்டைதான் ஜாஸ்தி விழும். மாட்டை ஓட்டிக்கிட்டு நடந்து போய் வலையில புடிச்சீங்கன்னா ஆண்தான் மொய்க்கும், அசையுற பொருளை துரத்தி வர்றது பெரும்பாலும் ஆண், அங்க வர்ற பொட்டையோட கூடுறதுக்கு. ஆண் சாம்பிள் வேணும்னா காலைலயோ சாயங்காலமோ ஜீப்பை மெதுவா ஓட்டிட்டு நிறுத்துங்க, டயர் மேலயும் கதவு மேலயும் வந்து உக்காரும், வலைய வீசி புடிச்சுக்கலாம்.

மாட்டுவைத்தியன்:
சூப்பர், அதையே பண்றேன். டிரிபனோசோம் பாக்க அறுக்கவும் வேணும், இனம் பாக்கவும் வேணும், ரெண்டுக்கும் ஒரே ஈ போதுமா?

ஈமுனைவர்:
போதும், ஆனா வரிசை முக்கியம். முதல்ல ஆணா பொட்டையா, எந்த இனம்னு எழுதிருங்க, இறக்கை ஓரம் கிழிஞ்ச அளவையும் அப்பவே குறிச்சுக்கோங்க, ஆணுக்கு வயசு கணக்குப் போட அதுதான் இருக்கு, பொட்டைக்கு சூலகத்தை அறுத்து பாக்கலாம். அதுக்கப்புறம் புது ஈயா இருக்கும்போதே ஊசி, எச்சில் சுரப்பி, நடுக்குடல் மூணையும் எடுங்க. டிரிபனோசோம் ஊசியில மட்டும் இருந்தா விவாக்ஸ் இனம், ஊசியும் குடலும்னா காங்கோலென்ஸ், எச்சில் சுரப்பியிலயும் இருந்தா புரூசி. காலை தனியா ஆல்கஹால் குழாய்ல டிஎன்ஏக்கு வச்சிருங்க, வயித்து நுனியை கேஓஎச்க்கு வெட்டிக்கோங்க, எல்லா குழாய்க்கும் ஒரே நம்பர், பென்சில்ல எழுதின பேப்பர் சீட்டு குழாய்க்கு உள்ளயே போடுங்க. பேனா மை ஆல்கஹால்ல கரைஞ்சிரும்.