ஆற்காட்டு வீட்டார் குழு: தாத்தாவின் அட்டை

நான், காலை 5.50
அனைவருக்கும் வணக்கம். தாத்தா அதிகாலையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது காலை அசைக்க முடியவில்லை. 108-ஐ அழைத்து, கணியம்பாடியிலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு வந்துவிட்டோம். நினைவு தெளிவாக இருக்கிறது.

சித்தப்பா (குடியாத்தம்), 5.58
நான் கிளம்பிவிட்டேன். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு ஏன் போகவில்லை? அப்பாவுக்கு அங்கே பழைய நம்பர் இருக்கிறதே!

அத்தை (காட்பாடி), 6.14
தம்பி, அந்தப் பேச்சு இப்போது வேண்டாம். 31 ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். விழுந்தவரை வண்டியில் அலைக்கழிக்காமல், எலும்பு முறிவுப் பிரிவும் அறுவை அரங்கும் பக்கத்தில் எங்கே உள்ளனவோ அங்கே சேர்ப்பதுதான் சரி. பிள்ளை அதைத்தான் செய்திருக்கிறான். ஆனால் அந்த சிஎம்சி கோப்பை மறக்காமல் எடுத்து வா. அப்பா இதயத்துக்காக, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். அதை மயக்க மருந்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் அறுவையின்போது ரத்தப்போக்கு கூடும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து தரும் சர்க்கரை மாத்திரைகளின் அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மருத்துவர் சொல்லும்வரை காபிகூடக் கொடுக்காதீர்கள்.

மாமா (காட்பாடி), 6.40
நான் பென்ட்லண்டில் நிற்கிறேன். அவசரப் பிரிவில் அந்தப் பெயரில் யாரும் இல்லை என்கிறார்களே?

அத்தை (காட்பாடி), 6.42
அது வேலூர் ஊருக்குள் இருக்கும் பழைய மருத்துவமனை. மருத்துவக் கல்லூரி 2005-இல் தொடங்கியது அடுக்கம்பாறையில். திருவண்ணாமலை சாலையில் நேராக வாருங்கள்.

சித்தி (குடியாத்தம்), 7.05
எக்ஸ்ரே படத்தையும் கேஸ் ஷீட்டையும் எங்கள் தெருக் குழுவிலும் போட்டிருக்கிறேன். எல்லோரும் வேண்டிக்கொள்ளட்டும்.

அத்தை (காட்பாடி), 7.09
அன்பினால் செய்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை உடனே நீக்கிவிடு. அதில் அப்பாவின் பெயர், வயது, உள்நோயாளி எண், நோய் விவரம் எல்லாம் இருக்கின்றன. வேண்டிக்கொள்ள அவர் விழுந்தார் என்ற செய்தியே போதும்.

சித்தி (குடியாத்தம்), 7.11
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

நான், 8.20
இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறதாம், அறுவை தேவைப்படும் என்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் குடும்ப அட்டையையும் கேட்கிறார்கள். எங்கள் குடும்ப அட்டையில் தாத்தாவின் பெயர் இல்லை.

பெரியப்பா (ஆற்காடு), 8.33
அப்பாவின் பெயர் என் அட்டையில்தான் இருக்கிறது. பாகம் பிரித்தபோது அவரே அப்படித்தான் இருக்கட்டும் என்றார்.

சித்தப்பா (குடியாத்தம்), 8.35
ஆறு வருடங்களாக அவருக்குச் சோறு போடுவது கணியம்பாடி வீடு. பெயர் மட்டும் ஆற்காட்டில் எதற்கு?

அத்தை (காட்பாடி), 8.52
இருவரும் பொறுங்கள். அரசு மருத்துவமனையில் அட்டை இல்லை என்பதற்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. அட்டை இருந்தால் எலும்புக்குள் வைக்கும் பொருள்களைத் திட்ட நிதியிலேயே வாங்கிக்கொள்ள முடியும் என்பதால்தான் கேட்கிறார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். காப்பீட்டு எண்ணைக் குடும்ப அட்டை எண்ணை வைத்தே தேடி எடுத்துவிடலாம். அண்ணா, நீங்கள் குடும்ப அட்டையையும் அப்பாவின் ஆதாரையும் படமெடுத்து எனக்குத் தனியாக அனுப்பிவிட்டு, அசல்களை எடுத்துக்கொண்டு வாருங்கள். காப்பீட்டில் பதிவே இல்லையென்றால், கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆற்காடு 2019 முதல் ராணிப்பேட்டை மாவட்டம் என்பதால், வேலூர் ஆட்சியர் அலுவலகம் இருக்கும் சத்துவாச்சாரிக்குப் போய் நிற்காதீர்கள்.

அப்பா (மஸ்கட்), 9.10
அக்கா, மருத்துவரிடம் நீங்கள் ஒருவரே பேசுங்கள். ஆளாளுக்குப் போய்க் கேட்டால் அப்பாதான் பயந்துவிடுவார்.

பெரியப்பா (ஆற்காடு), 9.21
அசல்களோடு பேருந்தில் ஏறிவிட்டேன். பெயரை எந்த அட்டையில் வைப்பது என்பதை அப்பா எழுந்து நடந்த பிறகு அவரிடமே கேட்போம்.

சித்தப்பா (குடியாத்தம்), 9.22
கேட்போம். இன்று இரவு நான் தங்குகிறேன்.

மாமா (காட்பாடி), 9.30
வந்துவிட்டேன். ரத்தம் தேவைப்படலாமாம். 18 வயது நிறைந்த, உடல்நலமுள்ள பிள்ளைகள் யார் வருகிறீர்கள்?

நான், 9.31
நான் இருக்கிறேன். இன்னும் ஒருவராவது வேண்டும்.