ஸ்டீல் ஹார்ட்டெயில்: பாட்டம் பிராக்கெட் சத்தம் நிற்கவில்லை, உதவி தேவை

நண்பர்களே, குன்னூர் பக்கம் டிரெயில் ஓட்ட 4130 குரோமோலி (ஸ்டீல் கலவை) ஃபிரேமில் புதிதாக அசெம்பிள் செய்த ஹார்ட்டெயில், அதாவது பின் சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிள். பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங் பகுதி) பொருந்தும் ஷெல் 73 மி.மீ., அதில் பி.எஸ்.ஏ. வகை திரெட், 24 மி.மீ. ஆக்சில் கிராங்க், பின்னால் 148 மி.மீ. பூஸ்ட் ஹப். மழை தொடங்கியதிலிருந்து, மேடேறும்போது வலது பெடலை அழுத்தினாலே 'கடக்' என்று சத்தம். எழுந்து நின்று மிதித்தாலும் வருவதால் சீட் போஸ்ட் காரணமில்லை.

வேறு பெடல் போட்டாச்சு. பின் ஆக்சில், கியர் ஹேங்கர், செயின்ரிங் போல்ட் எல்லாம் துடைத்து இறுக்கியாச்சு. பாட்டம் பிராக்கெட்டின் பேரிங் கப்புகளைக் கழற்றி, திரெட்டைச் சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து 40 நியூட்டன் மீட்டரில் முடுக்கினேன், வலப்பக்கம் 2.5 மி.மீ. ஸ்பேசர் சரியாகவே இருக்கிறது. புது கப்பும் மாற்றிப் பார்த்தேன். கிரீஸ் புதிதாக இருக்கும்வரை அமைதி, பிறகு அதே சத்தம்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஷெல்லின் வலது முகத்தில் பெயின்ட் பாதி வட்டத்துக்குத்தான் தேய்ந்து இரும்பு தெரிகிறது, மீதிப் பாதி புதுசு போலவே இருக்கிறது. கப் முழுதாகப் படியவில்லை, அதாவது ஃபேசிங் (முகத்தைக் கட்டரால் சமமாகச் சீவுவது) செய்யாத ஷெல். அரம் போட மனம் வரவில்லை. முகம் திரெட்டுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் பேரிங் சீக்கிரமே போய்விடும்.

கோவை, ஊட்டி வட்டாரத்தில் பி.எஸ்.ஏ. ஃபேசிங் கட்டர் வைத்து இந்த வேலையைச் செய்து தருபவர் யாராவது இருக்கிறார்களா?