மறு: கார்ல 'எர்த்'துக்குத் தமிழ்ல என்ன போடலாம்?

> பழைய கார்ல பவர் விண்டோ வேலை செய்யலைன்னா என்ன பாக்கணும்னு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன். எர்த்துக்கு 'புவியிணைப்பு'னு போட்டிருக்கேன், சரிதானே?

வணக்கம் ஐயா. வீட்டு வயரிங்குக்கு அது சரிதான், அங்க நிஜமாவே கம்பிய மண்ணுக்குள்ள இறக்குறோம். கார் நாலு ரப்பர் டயர் மேல நிக்குது, புவிக்கும் அதுக்கும் என்ன இணைப்பு? பேட்டரியோட ஒரு முனையில கிளம்புன கரண்ட் மோட்டாரச் சுத்திட்டு இன்னொரு முனைக்குத் திரும்பிப் போகணும், அதுக்குத் தனியா வயர் இழுக்காம வண்டியோட இரும்பு பாடியையே வயரா வச்சுக்கிட்டாங்க, அவ்ளோதான் விஷயம். 'எதிர்முனை இணைப்பு'ன்னும் போட முடியாது, ஏன்னா 1967 வரைக்கும் வந்த எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) மாதிரி வண்டியில பாடியோட சேர்ந்திருக்கிறது பாசிட்டிவ் முனை.

என் யோசனை: மீள்வழி.

இத சும்மா சொல் அழகுக்காகச் சொல்லல. 'எர்த்'ங்கிற சொல்ல நம்பி நானே ரெண்டு ஞாயித்துக்கிழமைய வீணடிச்சிருக்கேன். பக்கத்து சீட் கண்ணாடி ஏறல, அந்தக் கதவுல இருக்கிற சுவிட்சப் போட்டாலும் இல்ல, டிரைவர் பக்கத்துலருந்து போட்டாலும் இல்ல. மீட்டர வச்சுப் பாத்தா மோட்டார் வயர்ல 12 வோல்ட் ஜம்முனு வருது. சரி, எர்த்துதான் போச்சுன்னு முடிவு பண்ணி, டோர் பேடக் கழட்டி, மோட்டார் கூட்டுலருந்து கதவுத் தகட்டுக்குப் புதுசா ஒரு வயர் போட்டு, பெயின்ட்டச் சுரண்டி போல்ட்ட முறுக்கி... ஒண்ணும் ஆகல. ஆகாது. ஏன்னா அந்த மாதிரி மோட்டாருக்குக் கதவுல எர்த்தே கிடையாது. ரெண்டு வயர், ரெண்டும் சுவிட்சுக்குப் போகுது. மேல போக ஒரு வயர்ல 12 வோல்ட், கீழ வர இன்னொண்ணுல. எதுல 12 வோல்ட் வரலையோ அதுதான் அந்த நேரத்துக்குத் திரும்புற வழி, அது பக்கத்துக் கதவு சுவிட்ச் வழியா டிரைவர் பக்கத்து மாஸ்டர் சுவிட்சுக்கு வந்து அங்கதான் பாடியத் தொடுது. அந்த மாஸ்டர் சுவிட்ச் உள்ள பித்தளை காண்டாக்ட்ல பச்சையாக் களிம்பு. (இதுக்கு 'அரிமானம்'னெல்லாம் போடாதீங்க ஐயா, செம்பில் களிம்புன்னு சைவ சித்தாந்தக்காரங்க எப்பவோ எடுத்து ஆண்ட சொல் கையிலயே இருக்கு.)

'மீள்வழி எங்க?'ன்னு கேட்டிருந்தா முத நாளே மாஸ்டர் சுவிட்சுக்குப் போயிருப்பேன். 'எர்த் எங்க?'ன்னு கேட்டதால கதவுக்குள்ள தேடினேன்.

அப்புறம் அந்த 12 வோல்ட் சங்கதி. மோட்டார் பிளக்கக் கழட்டிட்டு மீட்டர் வச்சா களிம்பு பிடிச்ச இணைப்புலயும் முழு வோல்ட் காட்டும், மீட்டர் இழுக்குற கரண்ட் அவ்வளவு சொற்பம். மோட்டார் பல ஆம்பியர் கேக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால டெஸ்ட் லேம்ப்தான் (ரெண்டு வயர் வச்ச சின்ன பல்பு) நல்லது: ஒரு முனைய பேட்டரி பாசிட்டிவ்ல மாட்டிட்டு (நெகட்டிவ் பாடியில இருக்கிற வண்டிக்குச் சொல்றேன்) இன்னொரு முனையால, பிளக்கக் கழட்டி, மோட்டாருக்கு வர்ற வயர் ரெண்டையும் ஒவ்வொண்ணாத் தொடுங்க, சுவிட்சத் தொடாதீங்க. இந்த மாதிரி சர்க்யூட்ல ரெண்டுலயும் பளிச்சுனு எரியணும். எனக்கு ஒண்ணுல எரிஞ்சுது, இன்னொண்ணுல மினுக்கு மினுக்குனு உசுரு ஊசலாடுச்சு.

> மீள்வழின்னா ஆபத்துலருந்து தப்பிக்கிற வழி மாதிரி இல்ல கேக்குது? 'திரும்புவழி'ன்னு வச்சா என்ன?

தப்பிக்கிற வழியே இருக்கட்டுமே, கரண்டுக்கும் அதுதானே வேணும். 'திரும்புவழி' ரோட்டோரப் பலகை மாதிரி இருக்கு, அதோட ஒட்டிப் பாருங்க: மீள்வழிக் கம்பி, பொது மீள்வழி, மீள்வழி அறுந்துபோச்சு... எல்லாம் சரளமா வருது.

> அப்ப பாடி வழியாவே திரும்புற பழைய மோட்டார்?

ஆமா, அது இருக்கு. காந்தத்துக்குப் பதிலா உள்ள ரெண்டு சுருள் வச்ச மோட்டார், மேல போக ஒரு சுருள், கீழ வர ஒண்ணு. அது கரண்ட்ட மோட்டார் கூடு வழியா நேரா கதவுக்கு விடும், அங்க என் ரெண்டு ஞாயித்துக்கிழமை வேலை பலிச்சிருக்கும். அதுக்கு 'உடல்மீள்வழி'. 'கூட்டுவழி'ன்னும் யோசிச்சேன், ஆனா கூடா கூட்டான்னு குழப்பம், விட்டுட்டேன். கட்டுரையில இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டிட்டாலே படிக்கிறவனுக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

இன்னொண்ணு, கதவுக்குள்ள இருக்கிற விண்டோ ரெகுலேட்டருக்கு 'சீராக்கி'ன்னு போட்டிருக்கீங்க. அது எதையும் சீராக்கல, கண்ணாடியத் தூக்குது இறக்குது, 'கண்ணாடி ஏற்றி' போதும். அந்தப் பத்தியில ஒரு எச்சரிக்கையும் சேருங்க: சில ஏற்றியில கண்ணாடி எடையத் தாங்க ஒரு சுருள் வில் முறுக்கி வச்சிருக்கும், மோட்டார் பல்லுதான் அதப் பிடிச்சிட்டிருக்கும். ஏற்றியோட கைய போல்ட் போட்டு அசையாம நிறுத்தாம மோட்டாரக் கழட்டினா பல்சக்கரம் படார்னு திரும்பும், விரல் நடுவுல இருந்தா போச்சு.