மூட்டை தூக்கற அண்ணனுக்குச் சிவப்பு, கல்லாவுல ஒக்காந்த எனக்குப் பச்சை. இந்த பி.எம்.ஐ. எதுக்குங்க?

மண்டிக்காரன் (ஈரோடு):
போன வாரம் மஞ்ச மண்டிக்கு மருத்துவ முகாம் வந்துச்சுங்க. எடை மெஷின்ல ஏத்தி, செவுத்து டேப்புல ஒசரம் பாத்து, கிலோவை மீட்டர் ஒசரத்தால ரெண்டு தடவை வகுத்து (அதுக்குத்தான் பி.எம்.ஐ.ன்னு பேராம்), கையில ஒரு கலர் சீட்டு. எடை எச்சுன்னா சிவப்பு, சரின்னா பச்சை. எங்க மூட்டை தூக்கற அண்ணன் 170 சென்டிமீட்டர், 80 கிலோ. கணக்கு 27.7, சிவப்பு. நானும் அதே ஒசரம், 64 கிலோ. 22.1, பச்சை. கல்லாவுல ஒக்காந்தே தொப்பை போட்டவன் நான். ரெண்டு வருஷமா சர்க்கரை மாத்திரை முழுங்கறேன். அண்ணனுக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் பாத்தாங்க, ஒண்ணுமில்ல.

"இது என்னங்க மொதலாளி, நான் குண்டுங்களா?"ன்னு கேட்டுட்டு, அந்தச் சீட்டுலயே கையத் தொடச்சுட்டு அடுத்த மூட்டைக்குக் குனிஞ்சுட்டாரு. சிவப்புச் சீட்டுல மஞ்சக் கைரேகை. இந்தக் கணக்கு யாருக்குங்க பிரயோசனம்?

கோபி நர்ஸ்:
ஒரு அண்ணனை வெச்சு ஊரையே அளக்காதீங்க அண்ணா. நான் முகாமுக்குப் போக ஆரம்பிச்சு 20 வருஷமாச்சு. என்கிட்டச் சிவப்பு வாங்கறவங்க பெரும்பாலும் கடையில, ஆபீஸ்ல, தையல் மெஷின்ல ஒக்காந்தே இருக்கறவங்க. ஒரு மெஷின், ஒரு டேப், ஆளுக்கு ஒரு நிமிஷம். இது சல்லடைங்க. சல்லடையில நின்னதை அப்பறம் கையில எடுத்துப் பாக்கோணும். நோய் இருக்கு இல்லைன்னு சல்லடை சொல்லாது.

பல்லடம் ஜிம் தம்பி:
எனக்கு பி.எம்.ஐ. 28ங்க. அத்தனையும் மசில். எனக்கும் குண்டுன்னு சீட்டுக் குடுப்பாங்களாம்! முன்னாடி 25 வரைக்கும் நார்மல்னாங்க, இப்ப நம்ம நாட்டுக்காரனுக்கு மட்டும் 23னு கோட்டை இறக்கிட்டாங்க. மாத்திரை விக்கறதுக்குத்தானே? தூக்கிக் குப்பையில போடுங்க.

தாராபுரம் வாத்தியார்:
பாதி சரி, பாதி தப்பு தம்பி.

சரியான பாதி: இந்தக் கணக்கைப் போட்டவர் டாக்டரே இல்லை. கெட்லேன்னு பெல்ஜியத்துக்காரர், வானியலும் புள்ளியியலும் பாத்தவர். 1830கள்ல 'சராசரி மனுசன்' எப்படி இருப்பான்னு தேடுனவர். பி.எம்.ஐ.ன்னு பேர் வந்ததே 1972ல, ஆன்செல் கீஸ்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெச்சது. கூட்டத்தை அளக்க வந்தது இது. களத்து மேட்டுல வள்ளம் போட்டு அளக்கறோமே, அது நெல்லையும் பதரையும் ஒண்ணாத்தான் அளக்கும். கொழுப்பு எது, கறி எதுன்னு இதுக்கும் தெரியாது.

தப்பான பாதி, கோட்டை இறக்குனது. 2004ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல ஒரு போட்டோ வந்துச்சு. புனே டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின், பக்கத்துல பக்கத்துல. ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. லண்டன்காரர் உடம்புல கொழுப்பு 9.1 சதம், நம்மவருக்கு 21.2. நமக்குக் கம்மி எடையிலயே கொழுப்பு சேருது, அதுவும் வயித்துல. அதனாலதான் 2009ல இந்திய டாக்டர்கள் கூடி, 23க்கு மேல எடை எச்சு, 25க்கு மேல உடல் பருமன்னு வெச்சாங்க.

மண்டிக்காரன்:
அப்ப 22.1ல இருந்த எனக்கு எந்தக் கோடுங்க உதவுச்சு? அஞ்சு வருஷம் முந்தியும் ஒரு முகாம்ல இதே பச்சைச் சீட்டு. "நீங்க நார்மல், போங்க"ன்னாங்க. ரத்தமே எடுக்கல. நானும் அந்தத் தெம்புல பொழுதோட ரெண்டு பஜ்ஜி, ரெண்டு டீன்னு ஓட்டிட்டேன். கால்ல புண்ணு ஆறாமப் போனப்பத்தான் சர்க்கரைன்னே தெரிஞ்சுது. சிவப்பு கெடுத்தது ஒண்ணுமில்லீங்க, அண்ணன் கையத் தொடச்சுட்டுப் போயிட்டாரு. என்னைக் கெடுத்தது பச்சை.

பொள்ளாச்சி அக்கா:
எங்க அப்பாருக்கும் பச்சைதானுங்க. 78 வயசு, பி.எம்.ஐ. 21. தொடையில கறியே இல்ல, கயித்துக் கட்டல்ல இருந்து எந்திரிக்க ரெண்டு கையும் ஊனோணும். வயசானா கறி கரைஞ்சு அந்த எடத்துல கொழுப்பு வந்துரும், எடை மெஷின் முள்ளு அசையாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

கோபி நர்ஸ்:
மண்டிக்காரண்ணா, பச்சைக்கு என்கிட்டப் பதில் இல்லீங்க. உங்களுக்கு இடுப்பையும் அளந்திருக்கோணும். ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதைத் தாண்டுனா ரத்தம் பாக்கோணும். ஒசரத்துல பாதிக்கு மேல இடுப்பு போகக்கூடாதுன்னும் ஒரு கணக்கு இருக்கு. ஆனா சீட்டைக் குப்பையில போடுங்கன்னா ஒத்துக்க மாட்டேன். நின்னு எடை பாக்க வந்தவங்களத்தான் நான் ரத்தம் குடுக்கக் கூட்டிட்டுப் போக முடியும்.

ஜிம் தம்பி, உங்க இடுப்பு எவ்வளவு?

பல்லடம் ஜிம் தம்பி:
பேண்ட் 34 சைஸ்ங்க. கணக்குப் போட்டா 86 சென்டிமீட்டர். போதுங்களா?

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:
தம்பி, 34னு லேபிள் ஒட்டிருப்போம். டேப்பு வெச்சா 36க்கும் மேல வரும். போடறவன் மனசு நோகக் கூடாதுன்னு கேக்கற கம்பெனிக்குத் தாராளமாத்தான் வெட்டறோம். அதுவும் நீங்க பேண்ட்டைத் தொப்பைக்குக் கீழ கட்டியிருப்பீங்க.

கோபி நர்ஸ்:
மாஸ்டர் சொல்றது நெசம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்பு வைங்க. மூச்சை விட்டுட்டு அளங்க, எக்கக் கூடாது.

மண்டிக்காரன்:
இன்னைக்கு மண்டியில அளந்தோமுங்க. அண்ணனுக்கு 83. எனக்கு 98. அண்ணன் என்னைப் பாத்துச் சிரிக்கவே இல்ல, அதுதான் ஒரு மாதிரி ஆயிருச்சு.

பல்லடம் ஜிம் தம்பி:
எனக்கு 96ங்க. டேப்பு சரியில்லைன்னு நெனைக்கறேன்.

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:
கம்பெனி டேப்புங்களா?

பல்லடம் ஜிம் தம்பி:
ஆமாங்க. மாமன் கட்டிங் டேபிள்ல இருந்து எடுத்துட்டு வந்தது.

திருப்பூர் கட்டிங் மாஸ்டர்:
அப்ப சரியாத்தான் இருக்கும் கண்ணு.