கீச்சான் மீனின் சத்தம் எத்தனை டெசிபெல்? பதிவிலிருந்து கணக்கிடுவது எப்படி

உப்பங்கழி:
கழிமுகத்தில் சுமார் 2 மீட்டர் ஆழம், மணல் தரை. படகிலிருந்து ஹைட்ரோபோனை (நீருக்குள் ஒலி பதியும் மைக்) தொங்கவிட்டுக் கீச்சான் கூட்டத்தைப் பதிவு செய்கிறேன். விவரத்தாளில் உணர்திறன் −180 டெசிபெல் (1 மைக்ரோபாஸ்கலுக்கு 1 வோல்ட் அடிப்படையில்). சாதாரணக் கையடக்க ரெக்கார்டர், வேவ் கோப்பு. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஒரு சத்தத்தின் ஆர்எம்எஸ் (சராசரி வலிமை) −36.5 டெசிபெல் என்கிறது. இது தண்ணீருக்குள் எத்தனை டெசிபெல்? போனில் உள்ள டெசிபெல் செயலியோடு ஒப்பிட்டால் போதுமா?

அலைமானி:
போன் செயலியை மறந்துவிடுங்கள். காற்றில் அடிப்படை 20 மைக்ரோபாஸ்கல், நீரில் 1. இதிலேயே 26 டெசிபெல் வித்தியாசம். நீரின் ஒலித்தடையையும் (அடர்த்தி × ஒலிவேகம்) சேர்த்துச் செறிவை ஒப்பிட்டால் 62 ஆகிவிடும்.

ஆடாசிட்டி காட்டும் எண்ணுக்குத் தனியாக அர்த்தமில்லை, அது ரெக்கார்டரின் கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) பொறுத்தது. கெயின் குமிழை ஓரிடத்தில் வைத்து டேப் ஒட்டிவிடுங்கள். ஆட்டோ லெவல் (அளவைத் தானாக மாற்றுவது), லோ கட் (தாழ்ந்த அலைவரிசைகளை வெட்டும் வடிகட்டி) இரண்டும் அணைந்திருக்க வேண்டும். லோ கட் இருந்தால் மீனின் அடிநாதமே (சத்தத்தின் மிகத் தாழ்ந்த அடிப்படை அலைவரிசை) போய்விடும். பிறகு சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 400 ஹெர்ட்ஸ் சைன் அலையை, 1 மில்லிவோல்ட் ஆர்எம்எஸ் அளவில், அதே உள்ளீட்டில் கொடுத்துப் பதியுங்கள். மல்டிமீட்டரில் 1 வோல்ட்டாகச் சரிபார்த்து, ஆயிரத்தில் ஒரு பங்காக ரெசிஸ்டரால் பிரித்துக்கொள்வது எளிது.

அது −26 என்று காட்டுவதாக வையுங்கள். மீன் −36.5, அதாவது 10.5 குறைவு. 1 மில்லிவோல்ட் என்பது வோல்ட் கணக்கில் −60. ஆகவே மீனின் சமிக்ஞை −70.5. அதிலிருந்து உணர்திறனான −180ஐக் கழித்தால், அதாவது 180 கூட்டினால் 109.5 டெசிபெல், 1 மைக்ரோபாஸ்கல் அடிப்படையில். ஹைட்ரோபோன் இருந்த இடத்தில் கிடைத்த அளவு இதுதான், மீன் எழுப்பிய அளவு அல்ல.

நண்டுவளை:
மேலே உள்ள கணக்கு சரி. ஆனால் −36.5 எந்த நேரத் துண்டுக்கு? கீச்சானின் சத்தம் துடிப்புத் துடிப்பாக வரும். இடைவெளி அமைதியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் ஆர்எம்எஸ் சரிந்துவிடும். மொத்த ஆற்றலில் 5 முதல் 95 சதவீதம் வரை உள்ள பகுதியை எடுங்கள். எந்த நேரத் துண்டு, எந்த அலைவரிசை வடிகட்டி என்று எழுதாத டெசிபெல் எண்ணை யாரும் மறுபடி சோதிக்க முடியாது.

பின்னணி இரைச்சலையும் கழிக்க வேண்டும். சத்தத்துக்குச் சற்று முன் ஒரு விநாடி எடுத்து, அதே வடிகட்டியில் அளந்து, ஆர்எம்எஸ்ஸின் வர்க்கங்களைக் கழியுங்கள். டெசிபெல்லை நேரடியாகக் கழிக்கக் கூடாது. வித்தியாசம் 10 டெசிபெல் என்றால் திருத்தம் அரை டெசிபெல்கூட வராது. 3தான் என்றால் மீனும் இரைச்சலும் சம பலம், அந்தப் பதிவை ஒதுக்குங்கள்.

படகிலிருந்து தொங்கவிடுவதுதான் பெரிய தொல்லை. படகு 10 செ.மீ. ஏறி இறங்கினால் ஏறக்குறைய 1,000 பாஸ்கல் அழுத்த மாற்றம், அதாவது 180 டெசிபெல். காதுக்குக் கேட்காது, ஆனால் ப்ரீஆம்ப் (சமிக்ஞையை முதலில் பெருக்கும் பகுதி) திணறும். தரையில் எடைக்கல் வைத்து, அதில் ஊன்றிய கம்பியில் நடு ஆழத்தில் கட்டுங்கள். நீர்ப்பரப்பை ஒட்டி வைத்தால் அளவு குறைந்தே காட்டும்.

உப்பங்கழி:
நன்றி. 1 மீட்டர் தூரத்துக்கு மாற்ற, தூரத்தின் லாகரிதத்தை 20ஆல் பெருக்கிக் கூட்டலாமா? மீன் 3 மீட்டரில் இருந்தால் 9.5 சேர்த்து 119?

அலைமானி:
அங்கே அது செல்லாது. 2 மீட்டர் நீரில், மணல் தரையில் ஒலிவேகம் விநாடிக்கு 1,700 மீட்டர் என்று கொண்டால், சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலி தூரம் போகாமல் மங்கிவிடும். அடிநாதம் அதற்குக் கீழே இருந்தால், 119 உண்மையைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். நீரடி ஸ்பீக்கர் கிடைத்தால் அதே இடத்தில் 100, 200, 400, 800 ஹெர்ட்ஸ் ஒலிகளை விட்டு 1, 2, 3 மீட்டரில் அளந்து, உண்மையான இழப்பை அலைவரிசைவாரியாக எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு மீட்டருக்குள் வந்த மீன்களை மட்டும் கணக்கில் சேர்த்து, கிடைத்த அளவையும் தூரத்தையும் அப்படியே எழுதுங்கள். கண்ணாடித் தொட்டியில் போட்டு அளக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சுவர்களும் நீர்ப்பரப்பும் சேர்ந்து, ஹைட்ரோபோனை ஒரு சாண் நகர்த்தினாலே எண் மாறிவிடும்.