‘ட்விலைட்’ வரிசையின் முடிவு உங்களுக்கு நிறைவளித்ததா?

அஸ்தம்பட்டி வாசகி (கேள்வி):
‘ட்விலைட்’ என்ற இரத்தக்காட்டேரிக் காதல் நாவல் வரிசையில் 2008இல் வெளிவந்த நான்காம் புத்தகத்தை நேற்றுதான் முடித்தேன். இரண்டாம் புத்தகத்திலிருந்தே அச்சுறுத்திவந்த, இரத்தக்காட்டேரிகளை ஆளும் குழுவினரான வோல்டூரிகளைப் பனிபடர்ந்த வெளியில் எதிரே நிறுத்திவிட்டு, பெரும்போரே நிகழாமல் கதை முடிகிறது. எனக்கு மனம் நிறைந்தது. தோழிகளோ ஏமாற்றம் என்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

ஏற்காட்டுக்காரன்:
உங்கள் பக்கமே நிற்கிறேன். எல்லோருடைய எண்ணங்களையும் கேட்கும் நாயகன் எட்வர்டுக்கு நாயகி பெல்லாவின் மனம் மட்டும் முதல் புத்தகத்திலிருந்தே மூடிக்கிடக்கிறது. தன் மனக்கவசத்தைச் சிரமப்பட்டு விலக்கி, அவனைத் தான் எப்படி நேசித்தேன் என்பதை நினைவு நினைவாக அவள் காட்டும் கடைசி அத்தியாயம்தான் இக்கதையின் உண்மையான உச்சம். தோட்டத்துச் சவுக்கு மரங்களுக்கிடையே மூடுபனி விலகிக்கொண்டிருந்த காலையில் அதைப் படித்தேன். கையிலிருந்த காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

சேலம் நூலகப் பிரியை:
அந்த அத்தியாயம் அருமை என்பதில் மறுப்பில்லை. ஆனால் எட்வர்டு, பெல்லாவின் குழந்தையால் ஆபத்தில்லை என்று காட்டக் கடைசி நேரத்தில் வந்துசேரும் நவேல் என்ற சாட்சியால் ஆபத்து விலகுவது எனக்கு உறுத்துகிறது. நாயகர்கள் எதையாவது இழந்திருந்தால் அவர்களுடைய மகிழ்ச்சி இன்னும் கனத்திருக்கும். 2012இல் வந்த படத்தில், போரை, எதிர்காலத்தைக் காணும் ஆலிஸின் முன்காட்சியாகக் காட்டியபோது நாங்கள் இருந்த வரிசையே மூச்சடக்கி உட்கார்ந்திருந்தது.

அஸ்தம்பட்டி வாசகி:
இழப்பு பற்றி நீங்கள் சொல்வது நியாயமே. இருப்பினும் வோல்டூரிகள் கொல்லும் இரினா என்ற இரத்தக்காட்டேரியின் மரணத்தை நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் காட்சியை இன்றிரவு மீண்டும் படிக்கப்போகிறேன்.